கண்டி ராஜாவும் கீழ்வீட்டு ஆயாவும்

நான் பிறந்து வளர்ந்தது வேலூரில். சின்ன வயதில் கண்டி என்ற சொல் எனக்கு இரண்டே இடத்தில் பழக்கம். கோட்டைக்குள் கண்டி மஹால், பாலாற்றங்கரையில் கண்டி ராஜா சமாதி. அந்தச் சமாதியைச் சுற்றி 1990-ல் முத்து மண்டபம் கட்டினார்கள். அப்போது நான் எட்டாம் வகுப்பு. சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், உப்பு மிளகாய்த்தூள் தொட்டு மாங்காய் தின்றுவிட்டு வருவோம். எந்த ஊர் ராஜா என்றால் கண்டி ராஜா. கண்டி எங்கே இருக்கிறது? அதை யாரும் கேட்டதில்லை. திருவலத்தைத் தாண்டி எங்கேயோ இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பைத் திருத்திக்கொண்டு நேரில் போய்ப் பார்க்க எனக்கு நாற்பத்தாறு வயது ஆகிவிட்டது.

2023 செப்டம்பர். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிநாடு ஒன்றைப் பார்க்க வேண்டும், ஆனால் பை கிழியக்கூடாது. அந்தச் சமயத்தில் நம் ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் ஏறக்குறைய 4 கிடைத்தது. சரி, இலங்கை என்று முடிவாயிற்று.

பெரம்பூரில் எங்களுக்கு முதல் மாடி. நேர் கீழே, கேட்டை ஒட்டிய அறையில் ஆயா இருக்கிறார். காலை ஆறு மணிக்கெல்லாம் கேட் ஓரத்தில் அடுப்பை வைத்து ஆப்பமும் இடியாப்பமும் போட ஆரம்பித்துவிடுவார். சர்க்கரையைச் சீனி என்பார். தேங்காய்ச் சம்பல் அவர் கைக்கு மட்டும் அப்படி அமையும். பல வருடமாக அதைத் தின்றுகொண்டு, ஆயா திருநெல்வேலிப் பக்கம் போலிருக்கிறது என்று நானாகவே நினைத்திருந்தேன். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம், பார்சலுக்கு நிற்கும்போது சொன்னேன்.

"அடுத்த வாரம் ஆப்பம் வேணாம் ஆயா, ஊர்ல இல்ல. கண்டிக்குப் போறோம்."

ஆப்பச் சட்டியைச் சுழற்றி மூடியைப் போட்டார். "கண்டியா? நான் பொறந்ததே கண்டிச் சீமையிலதான் தம்பி."

"கண்டியிலயா ஆயா?"

"அட்டன் பக்கம் தோட்டம். எங்க சனத்துக்கு அந்த மலை முச்சூடும் கண்டிதான். எங்க தாத்தா முசிறிப் பக்கத்துலேருந்து போனவரு."

அட்டன் என்பது ஹட்டன். அங்கே மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பம். 1974-ல், தனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் மெட்ராஸ் வந்து சேர்ந்ததாக ஆயா சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற பையன் உச்சுக்கொட்ட ஆரம்பித்ததால் கதை அதோடு நின்றது.

"என்ன வாங்கிட்டு வரட்டும் ஆயா?"

"கித்துள் கருப்பட்டி. நல்லதாப் பாத்து. சீனி கலந்ததை உன் தலையில கட்டிருவான்."

"அட்டன்ல உங்க தோட்டத்தைப் போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"அங்க என்ன இருக்கு? மழையும் அட்டையும்தான். நீ ராஜா ஊரப் பாரு."

மீனம்பாக்கத்தில் ஏறினால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் கட்டுநாயக்கா. சாயங்கால நேரத்தில் கோயம்பேட்டிலிருந்து பெருங்களத்தூர் போவதற்கு இதைவிட அதிகம் ஆகும். விமானத்தில் கொடுத்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள்.

கொழும்பில் நான் பார்க்க நினைத்தது தேசிய அருங்காட்சியகம் ஒன்றைத்தான். 1877-ல் திறந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். எழும்பூர் மியூசியத்துக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு கல்வெட்டு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். சீனத் தளபதி செங் ஹ கப்பற்படையோடு கொண்டுவந்து நட்ட கல். 1409 என்று தேதி. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தென்னாவரத்து விஷ்ணுவுக்கு. மூன்று சாமிக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஒரே மாதிரிப் பட்டியல். யாரையும் பகைத்துக்கொள்ளாத வியாபாரி புத்தி! 1911-ல் காலி நகரத்தில் இது கிடைத்தபோது ஒரு சாக்கடைக்கு மூடியாகக் கிடந்ததாம். தமிழ்ப் பகுதி நிறையத் தேய்ந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றி, நாலைந்து எழுத்தைப் பிடித்தேன். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள். அவள் பொறுமையின் அளவுகோல் அது.

கண்டி அரசர்களின் சிம்மாசனமும் அங்கேதான் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1693-ல் பரிசாகக் கொடுத்தது. கைப்பிடி இரண்டிலும் சிங்கம், தங்கத் தகடு. 1815-ல் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் வின்ட்ஸர் அரண்மனையில் வைத்திருந்து, 1934-ல் திருப்பிக் கொடுத்தார்கள். நாற்காலி திரும்பி வந்துவிட்டது. அதில் கடைசியாக உட்கார்ந்தவர் எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் கிடக்கிறார்.

மறுநாள் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கண்டிக்கு ரயில். மூன்றாம் வகுப்புதான், ஜன்னல் கிடைத்தது. ரம்புக்கனை வரைக்கும் நம் கேரளப் பாதை போலவே தென்னை, வாழை, குட்டை. அப்புறம் வண்டி மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் 44 அடி போனால் 1 அடி உயரம். ஒரு பக்கம் பாறை தோளை உரசுகிறது, மறுபக்கம் பள்ளத்தாக்கு காலடியில் திறந்துகொள்கிறது. "வடே வடே வடே" என்று ஒருவர் கூடையோடு வந்தார். முழு இறாலை ஓட்டோடு மேலே பதித்த பருப்பு வடை. சுற்றிக் கொடுத்த தாள் ஏதோ பிள்ளையின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. வகுத்தல் கணக்கு ஐந்து, நாலு சரி, ஒன்றுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. எண்ணெய் ஊறி, தப்பாகப் போட்ட கணக்குதான் பளிச்சென்று தெரிந்தது.

இந்த ரயில் கண்டியைத் தொட்ட வருடம் 1867. அதே வருடம் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பாதை போட்டது காபிக்காக. ஆனால் 1869-ல் காபி இலையில் துரு நோய் விழுந்து, கொஞ்ச வருடத்தில் காபியே அழிந்துபோனது. காபிக்குப் போட்ட பாதையில் தேயிலை இறங்கியது.

கண்டியில் ஆன்லைனில் பதிவு செய்த விடுதி, 'ஏரி பார்த்த அறை' என்று சொல்லியிருந்தது. பார்த்தது உண்மைதான். பாத்ரூம் ஜன்னல் வழியாக, இரண்டு கட்டடத்துக்கு நடுவில், ஒரு கர்சீப் அகலத்துக்கு ஏரி. கேட்டதற்கு வரவேற்பில் இருந்த பையன் மிகப் பணிவாக, "தெரியுதுதானே சேர்?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

ஊரில் யாரும் கண்டி என்று சொல்வதில்லை. சிங்களத்தில் 'நுவர', அதாவது நகரம். நம் ஆட்கள் மெட்ராஸைப் 'பட்டணம்' என்ற மாதிரி. அந்த ஏரியை வெட்டியவர் எங்கள் வேலூர் ராஜா. பெயர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. 1798-ல் பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு முன் மூன்று பேர், அவரோடு சேர்த்து நாலு நாயக்கர்கள் 1739 முதல் கண்டியை ஆண்டார்கள். கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாரிசில்லாத ஒரு ராஜா போனதும், ராணியின் தம்பி சிம்மாசனத்தில் ஏறினார். மச்சான் ஆட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களில் இரண்டாமவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஆள் இவர்தான். தென்னாட்டு இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் இலங்கையில் பிக்குகளுக்கு முறைப்படி தீட்சை கொடுக்கவே ஆளில்லாமல் போன காலத்தில், சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, 1753-ல் அந்த மரபை மறுபடி நிறுத்தினார். ஆடி மாதப் பெரஹெரா ஊர்வலத்தில் புத்தரின் பல்லை யானை மேல் ஏற்றி முன்னால் போகவைத்ததும் இவர் காலத்தில்தான். அதற்கு முன் அது சாமிகளின் ஊர்வலம். நாங்கள் போனபோது பெரஹெரா முடிந்து ஊரே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மாதம் முன்னால் போயிருக்க வேண்டும். விடுமுறை கிடைக்கவில்லை, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு மாலைப் பூஜை நேரத்தில் போனோம். வாசலில் உடம்பைத் தடவிச் சோதிக்கிறார்கள். 1998 ஜனவரியில் புலிகள் இந்த வாசலில் வெடிகுண்டு லாரியைக் கொண்டுவந்து மோதினார்கள், பக்தர்கள் செத்தார்கள். வரிசையில் நானும் மனைவியும் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள், அந்த இடத்தில் தன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். யாரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற வெள்ளைப் புடவைப் பாட்டி, தன் தட்டிலிருந்து இரண்டு நீலோற்பலப் பூவை எடுத்து மனைவி கையில் வைத்தார். உள்ளே மேளக்காரர்கள் அடிக்கிற அடி நெஞ்சுக்கூட்டில் இறங்குகிறது. மாடியில் சன்னிதிக் கதவு திறந்ததும் தங்கத்தில் ஸ்தூபி வடிவப் பேழை மட்டும் தெரிகிறது. பல்லை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு விநாடி. அதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். திருப்பதியில் பழகிய முதுகு, தாங்கிக்கொண்டது.

வெளியே வந்தால் எதிரிலேயே பத்தினி தெய்யோ கோயில். பத்தினி யார் என்கிறீர்கள்? நம் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கயவாகுவைத்தான் அங்கே கஜபாகு என்கிறார்கள். சிங்களப் பெண்கள் கைக்குழந்தையோடு வந்து அம்மை வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் கண்ணகிக்கு மெரினாவில் ஒரு சிலை. அதையும் 2001-ல் எடுத்துவிட்டு 2006-ல் திருப்பி வைத்தோம். இங்கே அவளுக்கு விளக்கு, எண்ணெய், பூசாரி, ஊர்வலத்தில் தனி யானை. மதுரையை எரித்த பிறகு அவள் எங்கே போவது நல்லது என்று யோசித்துத்தான் கப்பல் ஏறியிருக்கிறாள்.

பக்கத்தில் மகுல் மடுவ, அரசவை மண்டபம். செதுக்கிய மரத்தூண்கள், மேலே ஓட்டுக்கூரை, சுவர் கிடையாது. 1815 மார்ச் 2-ஆம் தேதி இங்கேதான் கண்டிப் பிரதானிகள் தங்கள் ராஜாவைக் கழற்றிவிட்டு, நாட்டை ஆங்கிலேயரிடம் எழுதிக்கொடுத்தார்கள். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி நல்ல மனிதர், அரைகுறைத் தமிழில் விளக்கினார். ராஜா மகா கொடியவர் என்றார். அவருக்கு எதிராகக் கிளம்பிய எஹெலபொல என்ற அமைச்சரின் பிள்ளைகளை 1814-ல் வெட்டச் செய்தார். மூத்தவன் பயந்து அம்மா பின்னால் ஒளிய, இளையவன் முன்னால் வந்து, "அண்ணா, பயப்படாதே, எப்படிச் சாவது என்று நான் காட்டுகிறேன்" என்று கழுத்தை நீட்டியதாக அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கதை. தாயைப் போகம்பர ஏரியில் மூழ்கடித்தார்கள்.

"இங்க அவருக்கு சிலை இல்ல. உங்க ஊர்ல மண்டபம் கட்டியிருக்காமே?" என்றார் வழிகாட்டி.

நான் மாங்காய் தின்ற மண்டபம். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? இங்கே அவரைத் தமிழ் மன்னன் என்று தூக்கிவைத்துப் பேசுகிறோம், அங்கே பிள்ளையைக் கொன்றவன். ஏரி வெட்ட ஊர் மக்களைக் கூலியில்லாமல் வதைத்ததும் உண்மை, பிரதானிகளுக்கு உள்ளே இருந்து கலகம் மூட்டிவிட ஜான் டாய்லி என்ற ஆங்கில அதிகாரி வருடக்கணக்கில் ஒற்றர் வேலை பார்த்ததும் உண்மை. நான் ராஜாவுக்காக வாதாட வரவில்லை.

ஆனால் அன்றைக்கு எழுதிய ஒப்பந்தத்தை விடுதியில் உட்கார்ந்து போனில் படித்தபோது மூன்றாவது ஷரத்தில் கண் நின்றுவிட்டது. ராஜாவின் உறவினரான ஆண்கள் யாரும் எழுத்து அனுமதியில்லாமல் கண்டி நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் யாரும் திரும்பி வரக்கூடாது. மீறினால் ராணுவச் சட்டப்படி தண்டனை. மலபார் என்றால் அன்றைய ஆங்கிலேயர் வாயில் தமிழர்.

அது 1815. பத்துப் பதினைந்து வருடம்கூடப் போகவில்லை, மலையில் காபி போட ஆள் தேவைப்பட்டது. அதே ஆங்கிலேயர், திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் என்று ஆள் சேர்க்கும் கங்காணிகளை அனுப்பி அதே 'மலபார்' ஆட்களை ஆயிரக்கணக்கில் அதே கண்டி மலைக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் நடந்தே மாத்தளை வரைக்கும். காலராவிலும் காய்ச்சலிலும் வழியெல்லாம் பிணம். போய்ச் சேர்ந்தவர்கள் வைத்த மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இன்றைக்கும் தேர் ஓடுகிறது. ஆயாவின் தாத்தா பின்னாளில் போனவர், அவர் காலத்தில் கப்பலும் ரயிலும் இருந்தன.

அப்புறம் 1948-ல் அந்த மக்களின் குடியுரிமை போனது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து, ஆயா கப்பலேறிய அந்த 1974-ல், இரண்டு நாடும் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டன. மளிகைக் கணக்கில்கூட நாங்கள் இவ்வளவு சுத்தமாகப் பிரிப்பதில்லை.

சிகிரியாவைப் பற்றியும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மனைவி கோபித்துக்கொள்வாள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அப்பனைக் கொன்றுவிட்டு, தம்பிக்குப் பயந்து பாறை உச்சியில் கட்டிய அரண்மனை. நாங்கள் போனபோது நம்மைப் போன்ற சார்க் நாட்டவருக்குப் பாதிக் கட்டணம், பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஏறக்குறைய 1,200 படி. நான் சிங்கத்தின் கால் நகம் வரைக்கும் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் உச்சிக்குப் போய் வந்தாள். இன்று வரைக்கும் வீட்டில் எந்த விவாதம் வந்தாலும் அது சாட்சிக்கு வருகிறது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயில். ஹட்டனில் வண்டி நின்றது. பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம். தூறல். எதிர்ச் சரிவில் லயங்கள் என்கிற தோட்டத் தொழிலாளர் வீடுகள், தகரக்கூரை, வரிசையாக அறைகள், கூரை மேல் கல். பச்சை பச்சையாகச் சீவிவிட்ட தலை மாதிரித் தேயிலை. எங்கள் பெட்டியில் இருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கதவுப் பக்கம் தொங்கிப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். ஆயாவுக்குக் காட்டலாம் என்று. வண்டி கிளம்பியபோது பார்த்தால் பாதிப் படத்தில் ஒரு பையனின் முழங்கை.

கண்டிச் சந்தையில் வாங்கிய கித்துள், தென்னஞ்சிரட்டையில் வார்த்தது, இரண்டு அச்சு. கடைக்காரர் அல்லாவின் மேல் சத்தியம் செய்தார்.

திரும்பி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் வேலையாகப் போனேன். 1816-ல் கொழும்பிலிருந்து கார்ன்வாலிஸ் கப்பலில் ராஜாவையும் ராணிகளையும் மெட்ராஸுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல் தள்ளி நிற்கும், மசூலாப் படகில் அலையைத் தாண்டி ஆளை இறக்குவார்கள். ராஜாவும் அப்படித்தான் நனைந்துகொண்டு இறங்கியிருப்பார். ராஜாஜி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்று அந்தப் படகை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஹாரன் அடித்தே துரத்திவிட்டார்கள். பிறகு வேலூர்க் கோட்டையில் பதினாறு வருடம். 1832 ஜனவரியில் அங்கேயே செத்தார்.

மறுநாள் காலை ஆயாவிடம் கித்துளைக் கொடுத்துவிட்டு ராஜா கதையையும் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார். ஏரி, சிம்மாசனம், பிள்ளைகள் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. வேலூர் வந்ததும்தான் நிமிர்ந்தார்.

"இங்க கொண்டாந்து வெச்சாங்களே, சாப்பாட்டுக்கு என்ன பண்ணினாரு?"

"வெள்ளைக்காரன் பணம் குடுத்தான் ஆயா. மாசாமாசம். குடும்பத்துக்கும் சேத்து."

"பென்ஷனா?"

"அப்படித்தான்."

"எங்கப்பாவுக்குத் தோட்டத்துல தரவேண்டிய சர்வீஸ் காசு இன்னும் வரல" என்றார். முப்பது வருட வேலைக்கான காசு. அப்பா இறந்தே இருபத்திரண்டு வருடம் ஆகிறதாம்.

போனில் ஹட்டன் படத்தைக் காட்டினேன். முழங்கையைத் தள்ளிவைத்துப் பார்ப்பவர் மாதிரித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மழ பேயுது" என்றார். பிறகு கித்துளை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் ஒரு தட்டு. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நுனி நாக்கில் வைத்தார்.

"சீனி கலந்திருக்கான் தம்பி."

"அல்லா மேல சத்தியம் பண்ணினாரு ஆயா."

"பண்ணுவான்" என்று சொல்லிவிட்டு, உடைந்த துண்டுகளையும் உடையாத அச்சையும் தூள் சிந்தாமல் தாளோடு வழித்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அடுப்புக்குப் பின்னால் தள்ளி வைத்தார். "உனக்கு எத்தனை ஆப்பம்?"